ஸ்கின்னி, ஸ்லெண்டர், லைத்: அறுபது வயதுப் பெண்ணுக்கு எந்தச் சொல்?

தூரிகை

வணக்கம். நான் தமிழில் எழுதிய ஒரு சிறுகதையை நானே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கதையின் நாயகி சுவருக்கு வண்ணம் அடிப்பவள். தமிழில் அவளைப் பற்றி வரும் முதல் வரிகள் இவை:

"ஒல்லியான உடம்பு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவள் ஏறினால் ஏணிக்கே தெரியாது."

முதலில் 'ஸ்கின்னி' என்று போட்டேன். படித்துப் பார்த்த தோழி, "அவளை ஏன் இளக்காரமாகப் பேசுகிறாய்?" என்று கேட்டாள். 'ஸ்லெண்டர்' என்று மாற்றினேன். "இப்போது பத்திரிகை அட்டைப் பட அழகி மாதிரி இருக்கிறாள்" என்றாள். ஏறுகிற விதமும் உள்ளே வரட்டும் என்று 'லைத்' போட்டேன். "இருபது வயது நடனக்காரியா?" என்றாள்.

மூன்றுக்கும் என் ஆங்கிலம்–தமிழ் அகராதி 'ஒல்லியான, மெலிந்த' என்றே பொருள் தருகிறது. எங்கே பிசகுகிறேன் என்று யாராவது சொல்ல முடியுமா? வெறும் சொல் மட்டும் வேண்டாம். அடுத்த முறை நானே தேர்ந்தெடுக்கும்படி விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

மரங்கொத்தி

தூரிகை, உங்கள் தோழிக்கு நல்ல காது. மூன்று முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் அன்றாட வேலை. இந்த 'ஒல்லி' குடும்பத்தில் இடறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தச் சொற்கள் எல்லாமே உடம்பில் சதை குறைவு என்று சொல்கின்றன. அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்கின்றன. அந்த இன்னொன்று சொல்லுக்குச் சொல் வேறு.

'தின்' வெறும் தகவல். பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. இடம் பார்த்துத்தான் நிறம் மாறும். ஆனால் நேரில் ஒருவரிடம் "நீங்கள் ரொம்ப தின்" என்றால் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரிப்பது போல ஆகிவிடும். 'ஸ்கின்னி' பேச்சு வழக்குச் சொல். தோலுக்கு அடியில் ஒன்றுமில்லை என்கிற தொனி. நம் 'ஒல்லிக்குச்சி' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்க்ரானி' இன்னும் ஒரு படி கீழே போய் 'நோஞ்சான்' ஆகிவிடும். 'கான்ட்' முகத்தைப் பார்த்துச் சொல்வது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நோயோ பசியோ தூக்கமில்லாத இரவுகளோ ஆளைத் தின்றிருக்க வேண்டும். இயல்பிலேயே ஒல்லியாக, நலமாக இருக்கும் ஒருவரை அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

'லேங்கி'யில் உயரம் கட்டாயம். கையும் காலும் நீளமாக, நெடுநெடுவென்று இருப்பவர். 'கேங்க்ளி' என்றால் அந்த நீளமான கைகால் இன்னும் சொந்தக்காரனின் பேச்சைக் கேட்கவில்லை. திடீரென்று வளர்ந்துவிட்ட பதினான்கு வயதுப் பையனைக் கண் முன்னால் கொண்டுவாருங்கள், அவன்தான் கேங்க்ளி.

அடுத்து நீங்கள் கேட்ட ஸ்லெண்டர். இதையும் 'ஸ்லிம்'மையும் பலரும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டும் பாராட்டுத்தான். ஆனால் ஸ்லிம் ஆக முயற்சி செய்யலாம். 'ஸ்லிம் டவுன்' என்று வினையாகவே அது வரும். ஸ்லெண்டரை அப்படி வினையாக்கி யாரும் பேசுவதில்லை. அது பிறவி வாகு, நம் 'ஒடிசலான' மாதிரி. ஒருவகை நீளமும் மென்மையும் அதில் உண்டு. அதனால்தான் கழுத்து, விரல், பூங்காம்பு, தூண் எல்லாம் ஸ்லெண்டராக இருக்கும். ஒரு கைபேசியை ஸ்லிம் என்பார்கள், ஸ்லெண்டர் என்று விளம்பரம் செய்தால் கொஞ்சம் கவிதை வாசம் வந்துவிடும்.

உங்கள் நாயகி காலமெல்லாம் வாளியும் தூரிகையும் தூக்கியவள். ஸ்லெண்டர் அவளுடைய உழைப்பை அழித்துவிடுகிறது. உங்கள் தோழிக்கு உறுத்தியது அதுதான்.

---

நாணல்

மரங்கொத்தி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். இதில் யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். 1948இல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதை இலக்கண வாய்பாடு போலச் சொல்லிக் காட்டினார். ஒரே குணம் தன்னிடம் இருந்தால் உறுதி, எதிரில் இருப்பவரிடம் இருந்தால் பிடிவாதம், அங்கே இல்லாத மூன்றாம் மனிதரிடம் இருந்தால் முரட்டு முட்டாள்தனம். ஒல்லிக்கும் இது அப்படியே பொருந்தும். நான் ஸ்லிம், நீ தின், அவள் ஸ்கின்னி.

அதனால் தூரிகை, உங்கள் கதையைச் சொல்வது யார்? அவளை நேசிக்கும் ஒருவரா, தள்ளி நின்று பார்ப்பவரா? அது தெரிந்தால் பாதிச் சொற்கள் தாமாகவே விழுந்துவிடும்.

---

தூரிகை

நாணல், கதையைச் சொல்வது அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண். முதல் நாள், முதல் பார்வை. இன்னும் நேசம் வரவில்லை. ஆனால் ஏணி ஏறுவதைப் பார்த்த உடனே ஒரு வியப்பு வருகிறது. அந்த வியப்பு ஆங்கிலத்திலும் வர வேண்டும்.

மரங்கொத்தி, ஸ்லிம் டவுன் விளக்கம் மனதில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. 'லைத்' ஏன் கூடாது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஒல்லியும் இருக்கிறது, லாகவமும் இருக்கிறது. ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கிறதே?

---

தும்பி

இதற்கு நான் பதில் சொல்கிறேன். நான் உடலியக்கச் சிகிச்சை அளிப்பவள். நாள் முழுவதும் மனிதர்கள் குனிவதையும் நிமிர்வதையும் பார்த்துக் குறிப்பு எழுதுவதுதான் வேலை. இந்தச் சொற்களோடு எனக்கு நெருக்கமான பழக்கம் உண்டு.

அசைவைக் குறிக்கும் இந்தச் சொற்களை எடுத்தால் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். பேசப்படுவது வளைவா, வேகமா?

லைத், சப்பிள், லிம்பர் மூன்றும் வளைவின் பக்கம். சப்பிள் என்றால் முறியாமல் வளையும். பதப்படுத்திய தோலையும் சப்பிள் என்பார்கள், உடம்பையும் சொல்வார்கள். ஒல்லியாக இருக்க வேண்டும் என்று அதில் கட்டாயம் இல்லை. பருமனான ஒரு யோகா ஆசிரியர் அழகாகச் சப்பிளாக இருக்கலாம். லிம்பர் மூட்டுகளைப் பற்றியது, இறுக்கம் விட்ட நிலை. விளையாடுவதற்கு முன் கைகாலை உதறிச் செய்யும் பயிற்சியை 'லிம்பர் அப்' என்பது அதனால்தான். லைத் இதிலிருந்து தள்ளி நிற்கிறது. அதற்கு ஒல்லியும் வேண்டும், வளைவும் வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். பூனை மதிலில் நடக்கும்போது முதுகுத்தண்டு அலை போல நெளியும் பாருங்கள், அதுதான் லைத். படிப்பவர் கண்ணில் இளமையும் ஒரு வழவழப்பும் சேர்ந்தே வந்துவிடும்.

உங்கள் நாயகி நெளியவில்லை, ஏறுகிறாள். ஏணிக்குத் தெரியாமல் ஏறுகிறாள் என்றால் காலை எங்கே வைப்பது, எடையை எப்போது மாற்றுவது என்று அவள் உடம்புக்கு அத்துப்படி. அது வளைவு அல்ல. வேகமும் துல்லியமும் கலந்தது. அந்தப் பக்கம் போனால் அஜைல், நிம்பிள், டெஃப்ட் இருக்கின்றன.

அஜைல் முழு உடம்புக்கும். நேராக வேகமாக ஓடுவது அல்ல, சட்டென்று திசை மாற்றுவது. பந்தாட்டத்தில் எதிராளியைத் திணறடித்து ஒதுங்கிப் போகிறவர் அஜைல். நிம்பிள் சின்ன அசைவுகளுக்கு, குறிப்பாக விரலுக்கும் காலுக்கும். டெஃப்ட் கைவேலைத் திறமைக்கு. ஏணிப்படியில் கால் வைக்கும் விதத்துக்கு நான் நிம்பிள் என்றுதான் சொல்வேன்.

---

எழுத்தாணி

தும்பி சொல்லும் வேறுபாட்டுக்குச் சொற்களின் வேரிலேயே சாட்சி இருக்கிறது. அஜைல், 'செய்தல், செலுத்துதல்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நிம்பிளுக்கு மூலம் பழைய ஆங்கிலத்தில் 'எடுத்தல்' என்னும் வினை. அதாவது சட்டென்று எடுத்துக்கொள்ளும் தன்மை. அதனால்தான் இன்றைக்கும் அது விரலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் வரும் 'ப்' ஒலி பழைய வடிவத்தில் இல்லை. பிற்பாடு நாக்கு வசதிக்காக நுழைந்தது. 'திம்பிள்' என்னும் தையல் விரலுறைச் சொல்லிலும் இதே கதைதான்.

க்ளம்ஸிக்கும் ஆக்வர்டுக்கும் வேறுபாடு கேட்பவர்களுக்கும் வேர்தான் உதவும். க்ளம்ஸியின் பின்னால் இருப்பது குளிரில் விறைத்து மரத்துப்போவதைக் குறித்த பழைய சொல். விறைத்த கையால் பொருளைத் தூக்கினால் கீழே போடுவோம், அதுதான் க்ளம்ஸி. ஆக்வர்டின் வேர் 'தவறான பக்கம் திரும்பியது'. அதனால் ஒரு நிலை, ஒரு கோணம், ஒரு மௌனம் எல்லாம் ஆக்வர்டாக இருக்கலாம். மௌனம் க்ளம்ஸியாக இருக்க முடியாது. வேரைப் பிடித்தால் பயன்பாடு தானாக வரும்.

---

மரங்கொத்தி

எழுத்தாணி, எனக்கும் வேர் பார்ப்பது பிடிக்கும். ஆனால் "தானாக வரும்" என்பதை ஏற்க முடியவில்லை. உங்கள் வழியில் போனால் 'ப்ரெட்டி' என்று யாரையும் பாராட்டக் கூடாது. பழைய ஆங்கிலத்தில் அது 'தந்திரக்காரத்தனமான'. 'ஸ்லிம்' டச்சு வழியாக வந்த சொல். அதன் உறவுச் சொல் ஜெர்மனில் இன்றைக்கும் 'மோசமான' என்றுதான் பொருள்படும். டச்சிலோ இன்று 'புத்திசாலி' ஆகிவிட்டது. ஒரே வேர், மூன்று மொழி, மூன்று பொருள். 'ஹேண்ட்சம்' முதலில் 'கையாள எளிதான' என்றுதான் இருந்தது. டெஃப்டும், 'கிறுக்கு' என்று பொருள்படும் டாஃப்டும் ஒரே சொல்லிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள்.

நினைவில் வைத்துக்கொள்ள வேர் நல்லது. தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பார்க்க வேண்டியது, அந்தச் சொல் இன்று யாரோடு சேர்ந்து நடக்கிறது என்பதைத்தான். ஜே. ஆர். ஃபிர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957இல் வலியுறுத்தியது இதைத்தான்: ஒரு சொல்லை அறிய அது கூடும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு அதைப் பார்ப்பது எளிது. உண்மையான எழுத்தையும் பேச்சையும் திரட்டி வைத்திருக்கும், 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகம் போன்ற தொகுப்புகளில் தேடலாம். ஒரு சொல்லைக் கொடுத்து அதன் வலப்பக்கம் என்ன வருகிறது என்று இருபது வரி படித்துப் பாருங்கள். அகராதியில் கிடைக்காத தெளிவு கிடைக்கும். ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஒருமொழி அகராதிகளும் நல்லவை. பாராட்டா, குறை சொல்வதா, பேச்சு வழக்கா என்று சொல்லுக்குப் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள்.

---

எழுத்தாணி

சரி, அதை ஏற்கிறேன். ஹேண்ட்சம் நல்ல எதிர் உதாரணம். க்ளம்ஸி–ஆக்வர்ட் வேறுபாட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் மாணவர்களுக்கு விறைத்த கையைச் சொன்ன பிறகு அதில் யாரும் தவறியதில்லை.

---

கலங்கரை

மென்பொருள் துறையில் அஜைல் என்ற சொல்லை நாங்கள் தினமும் தேய்க்கிறோம். மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாக, மாற்றங்களுக்கு ஏற்ப உருவாக்கும் முறைகளுக்கு அங்கே அதுதான் பெயர். அதன் பின்னால் இந்த இழைக்குப் பொருத்தமான ஒரு செய்தி இருக்கிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அந்த முறைகளுக்கான கொள்கை அறிக்கையை எழுதினார்கள். அதற்கு முன்பு அந்த முறைகளை 'லைட்வெயிட்' என்றுதான் சொல்லிவந்தார்கள். ஒரு முறையை லைட்வெயிட் என்றால் 'சுமை இல்லாதது'. ஆனால் ஓர் ஆளை அப்படிச் சொன்னால் 'சரக்கு இல்லாதவர்'. தங்களையும் அப்படிச் சொல்லிவிடுவார்களே என்ற சங்கடம் அவர்களுக்குள் இருந்தது. கடைசியில் அஜைல் வந்தது.

பொருளுக்குப் பாராட்டாக இருப்பது ஆளுக்கு வரும்போது இப்படித் திரும்பிக் கடிக்கும். 'தின்' என்ற சொல்லும் அப்படித்தான். மடிக்கணினி தின்னாக இருந்தால் பெருமை, தலைமுடி தின் என்றால் அடர்த்தி குறைந்துவிட்டது என்று பொருள். மெல்லிய முடியிழை என்று நல்ல விதமாகச் சொல்ல 'ஃபைன்' வேண்டும்.

---

பனித்துளி

எல்லோரும் வயதை மறந்துவிட்டீர்கள். அறுபது வயதில் சுறுசுறுப்பாக இருப்பவருக்கென்றே ஆங்கிலத்தில் 'ஸ்ப்ரை' இருக்கிறது. 'ஸ்ப்ரைட்லி'யும் உண்டு. தூரிகைக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

---

தும்பி

பனித்துளி, பொருள் சரிதான். ஆனாலும் எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்ப்ரை பெரும்பாலும் முதியவர்களுக்குத்தான் வரும். இருபது வயதுப் பெண்ணை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அப்படியென்றால் அந்தப் பாராட்டுக்குள் "இந்த வயதிலும்" என்ற ஒரு சொற்றொடர் ஒளிந்திருக்கிறது. என்னிடம் வந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் அன்பாக நினைத்து அந்தச் சொல்லை எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "நான் நன்றாக நடக்கிறேனா, இல்லை என் வயதுக்கு நன்றாக நடக்கிறேனா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து குறிப்பில் 'நன்றாக நடக்கிறார், படியேறும்போது கைப்பிடி தேவையில்லை' என்று பார்த்ததையே எழுதுகிறேன்.

தூரிகையின் கதையில் அந்தப் பெண் வியப்பது வயதைப் பார்த்து அல்ல, தொழிலைப் பார்த்து என்றால் ஸ்ப்ரை வேண்டாம்.

---

பனித்துளி

இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. உண்மைதான். என் பாட்டியைப் பற்றி நானே இப்படி எழுதியிருக்கிறேன். அடுத்த முறை கவனிக்கிறேன்.

---

மரங்கொத்தி

தூரிகை, இவ்வளவு பேசியபின் என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் தமிழ் வரியைத் திரும்பப் படியுங்கள். "ஒல்லியான உடம்பு" என்பது தோற்றம். அங்கே ஓர் உரிச்சொல் தேவை. அதற்கு 'வயரி' போடுங்கள். கம்பி மாதிரி. மெலிந்தது, ஆனால் முறுக்கேறியது, இழுத்தால் தாங்கும். நம் ஊர்ப் பேச்சில் 'வைரம் பாய்ந்த உடம்பு' என்போமே, அதற்கு ஆங்கிலத்தில் இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை. உழைப்பு தெரியும், வயது உறுத்தாது, இளக்காரமும் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: முடிக்கு வயரி என்றால் முரட்டு முடி. உடம்போடு சேர்த்தே போடுங்கள்.

'லீன்' இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். லீனில் கொழுப்பு இல்லை, தசை உண்டு, ஓட்டப்பந்தய வீரரின் உடம்பு. ஆனால் அது பெரும்பாலும் ஆரோக்கியத்தையும் பயிற்சியையும் நினைவூட்டும். இவள் உடற்பயிற்சி செய்து இப்படி ஆகவில்லை.

இனி "ஏணிக்கே தெரியாது" என்ற பகுதி. அசைவுக்கு நீங்கள் தமிழில் எந்த உரிச்சொல்லும் போடவில்லையே! பிறகு ஆங்கிலத்தில் ஏன் ஒன்றைத் தேடுகிறீர்கள்? லைத்தா, அஜைலா, நிம்பிளா என்று நாம் இத்தனை பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம், ஆனால் உங்கள் வரியில் அந்த நாற்காலியே இல்லை.

தமிழில் அசைவு வினையிலும் அதற்கு முன்னால் வரும் ஒலிக்குறிப்பிலும் இருக்கிறது. மடமடவென்று ஏறினாள், விறுவிறுவென்று நடந்தாள், குடுகுடுவென்று ஓடினான், தத்தித் தத்தி வந்தது. ஆங்கிலத்திலும் அசைவின் பெரும்பகுதி வினையில்தான் இருக்கிறது. விறுவிறு நடை 'ஸ்ட்ரைட்' ஆகலாம், குடுகுடு ஓட்டம் 'ஸ்கேம்பர்' ஆகலாம், களைத்துக் கால் இழுத்து நடப்பது 'ட்ரஜ்'. நாம் பள்ளியில் உரிச்சொல் பட்டியல்களை மனப்பாடம் செய்ததால் எல்லாவற்றையும் உரிச்சொல்லிலேயே அடைக்கப் பார்க்கிறோம். ஆளைப் பார்த்து "அஜைல் பெண்மணி" என்று எழுதுவதைவிட அவள் ஏறுவதைக் காட்டுவது எவ்வளவோ மேல். ஏணி அவள் எடையை உணரவில்லை என்று அப்படியே எழுதுங்கள். அந்தப் படிமம் உங்களுடையது, எந்த மொழியிலும் நிற்கும்.

---

நாணல்

மரங்கொத்தி சொல்வதற்கு இலக்கணக் காரணம் ஒன்றும் உண்டு. அஜைல், லைத் இரண்டையும் வினையோடு சேர்க்க 'லி' ஒட்டினால் வாயில் நுழையாத சொற்கள் வருகின்றன. அகராதியில் இருக்கும், யாரும் பேச மாட்டார்கள். நிம்பிளி ஒன்றுதான் சகஜமாக வரும். இன்னொரு பள்ளமும் இருக்கிறது. கேங்க்ளி, அன்கெய்ன்லி (அசைவில் நளினம் இல்லாத), ஸ்ப்ரைட்லி எல்லாம் 'லி'யில் முடிவதால் வினையடை என்று நினைத்து "அவன் அன்கெய்ன்லி நடந்தான்" என்று எழுதிவிடுகிறார்கள். அவை உரிச்சொற்கள். நடைக்கு முன்னால் வைக்கலாம், நடந்தானோடு சேர்க்கக் கூடாது.

---

தூரிகை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து மாற்றினேன். 'வயரி' வந்துவிட்டது. 'சிக்ஸ்டி' என்ற எண்ணைத் தனி வாக்கியமாக விட்டுவிட்டேன். ஏணி வரியில் உரிச்சொல்லே இல்லை, "தி லேடர் டிட் நாட் நோ" என்று முடிகிறது. தோழியிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டாள். எனக்கு அது போதும்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். ஏறி நின்றபின் அவள் தூரிகையை இழுக்கும் விதத்துக்குத் தமிழில் 'நளினம்' என்று எழுதியிருக்கிறேன். கிரேஸ்ஃபுல்லா, எலிகன்டா?

---

தும்பி

எலிகன்ட் அசையாமல் நிற்பதற்கும் வரும். உடை, அறை, ஒரு கணிதத் தீர்வு எல்லாம் எலிகன்டாக இருக்கலாம். அதில் 'தேர்ந்தெடுத்த' என்ற சாயல் உண்டு, தேவையில்லாதது ஒன்றும் இல்லை என்று பொருள். கிரேஸ்ஃபுல்லுக்கு ஓட்டம் வேண்டும், ஒரு கோடு தொடங்கி முடியும் வரை தடங்கல் இல்லாமல் போக வேண்டும். தூரிகை இழுப்பது ஓட்டம்தானே, அதனால் கிரேஸ்ஃபுல். 'கிரேசியஸ்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பண்பான நடத்தையைச் சொல்வது.

ஆனால் கதை சொல்பவள் தொழில் கற்க வந்தவள் என்றீர்கள். அவள் கண்ணுக்கு முதலில் அழகு தெரியுமா, திறமை தெரியுமா?

---

தூரிகை

திறமைதான். அப்படியானால் டெஃப்ட். தமிழ் மூலத்திலும் 'நளினம்' என்பதை அடித்துவிட்டு 'லாகவம்' என்று மாற்றிக்கொள்கிறேன்.